பதினொண்ணாம் நம்பர் அட்டை

குடுக்கிறேன் சார், குடுக்காம இதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன். மினிட் புக்கு கட்சிச் சொத்து. எங்க கிளைத் தலைவர் நாளைக்கு வேட்பு மனு போடணும்னா, தலைமை அலுவலகத்துலேருந்து ஒருத்தர் வந்து கடைசி ஒரு வருஷத்து மினிட் புக்கைப் பாத்து, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். அதுக்குத்தான வந்திருக்கீங்க? தெரியும். உங்களை வரச் சொல்லிப் போன கடிதத்தை டைப் அடிச்சதே நான்தான்.

முதல்ல உக்காருங்க. அதுல வேணாம், கை வச்ச நாற்காலி தலைவரோடது. நீங்க உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா நீங்க போனப்புறம் துடைக்கச் சொல்லுவாரு. இப்படி ஜன்னல் பக்கம் வாங்க, காத்து வரும். கீழ சைக்கிள் கடை, பஞ்சர் ஒட்டுற பசை வாசம் கொஞ்சம் அடிக்கும். அஞ்சு நிமிஷத்துல பழகிடும். தண்ணி இந்தாங்க.

அவரு நாலு மணிக்கு வருவாரு. ஆளுங்களைச் சேத்துக்கிட்டு வரணுமில்ல. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறதை போட்டோ எடுக்க ஒரு ஆள், அதைக் கை தட்டிப் பாக்க முப்பது ஆள். இப்ப ரெண்டே முக்காதான் ஆகுது.

எந்தப் பக்கமா? சொல்றேன், இருங்க. ஒரேயடியா திறந்து நீட்டுனா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது. நான் ஆஸ்பத்திரியில ரெக்கார்டு ரூம்ல வேலை பாக்கிறவ சார், இருபத்திரண்டு வருஷமா. டாக்டர் ஃபைல் கேட்டா சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டேன். யாரு, எப்ப வந்தாங்க, என்ன நோவுன்னு நாலு வார்த்தை சொல்லித்தான் குடுப்பேன். தேதி ஒண்ணு மாறிப் போனா வேற ஆளுக்கு அறுத்துடுவாங்க.

நான் யாரா? அட, அதைச் சொல்லவே இல்ல பாருங்க. எல்லாரும் அண்ணி அண்ணின்னு கூப்பிட்டு, தனியா சொல்லணும்கிறதே மறந்து போச்சு. உங்க வேட்பாளருக்கு நான் அண்ணி. அவரோட அண்ணன் சம்சாரம். அண்ணன் இந்தக் கிளைக்குச் செயலாளரா இருந்தவரு, தவறி நாலு வருஷம் ஆகுது. கொழுந்தன் அண்ணின்னு கூப்பிடலாம், அது முறை. இங்க மருந்துக்கடைக்காரர் என்னை விட பன்னெண்டு வயசு மூத்தவரு, அவருக்கும் நான் அண்ணி. கமிட்டியில இருக்கிற பதினாலு பேருக்கும் அண்ணி. மரியாதைன்னுதான் நானும் நெனச்சேன், ரொம்ப நாளா. ஒரு பொம்பளையை அண்ணின்னு கூப்பிட்டுட்டா அவ சொல்றதை யோசிக்க வேண்டியதில்லைன்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

ஆமா சார், மினிட் எழுதுறது நான்தான். ஆரம்பத்துலேருந்தே நான்தான். இருபத்தெட்டு வருஷம், ஒம்பது புத்தகம். அந்த பீரோவுல வரிசையா அடுக்கியிருக்கேன். கரையான் அரிக்காம வசம்பு போட்டு வச்சிருக்கேன்.

என் வீட்டுக்காரருக்குப் பின்னாடி கட்சிக்கு வந்தேனா? இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கட்சிக்கு முதல்ல வந்தது நான். காலேஜ் கடைசி வருஷம் சேந்தேன். என் அட்டை நம்பர் பதினொண்ணு. அவரோடது பத்தொம்பது. என்னால வந்தவரு அவரு. கல்யாணம் ஆகி நாலாவது மாசம் நூல் மில்லு வாசல்ல போராட்டம். மில்லுல பொம்பளைங்க பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்யணும், உக்கார ஒரு ஸ்டூல் குடுன்னு கேட்டோம். அவ்வளவுதான் கோரிக்கை. மனு எழுதுனது நான். பதினேழு பேரைப் பிடிச்சு ஸ்டேஷன்ல வச்சாங்க. என் மாமியார், வீட்டு மானத்தை வாங்கிட்டாள்னு அடுப்பே பத்த வைக்கலை. அவருதான் தினம் வந்தாரு. ஆறாவது நாள் வெளியில வந்தப்ப, அவரு கையிலயும் ஒரு அட்டை இருந்துச்சு. உன்னைப் பாக்கிறதுக்காக வெளியில காத்துக்கிட்டு நின்னு நின்னு, இவங்க பேசுறதைக் கேட்டுக் கேட்டு, நானும் சேந்துட்டேன்னாரு. யாருக்கு என்னை அறிமுகம் பண்ணாலும், இவ பதினொண்ணு, நான் பத்தொம்பதுன்னுதான் சொல்லுவாரு. சொல்லிட்டுச் சிரிப்பாரு.

அப்ப உங்க வேட்பாளர் ஒம்பதாவது படிச்சுக்கிட்டிருந்தான். வீட்ல அடுப்பு எரியலைன்னு, யாரு வீட்லயோ கேட்டு வாங்கி, ஒரு தூக்குல சோறு போட்டு சைக்கிள்ல ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, சாப்பிடுங்க அண்ணின்னு ஒரே அழுகை. அந்த ஒரு அண்ணிக்காகத்தான் பின்னாடி எவ்வளவோ பொறுத்துக்கிட்டேன்.

அவன்னு வந்துடுச்சு, மன்னிச்சுக்குங்க. அவரு.

சரி விடுங்க, அவன்னே சொல்றேன். எனக்கும் அதான் சுலபம்.

அண்ணன் போனதும் இவன் தலைவரானான். ஊர்ல இவனுக்கு ரெண்டு மைக்குன்னு பட்டப்பேரு, கேட்டிருக்கீங்களா? மேடையில ஒரு மைக்கு வச்சா பேச மாட்டான். ஒரு மைக்கு வார்டு ஆளுக்கு, ரெண்டு மைக்கு தலைவனுக்குன்னு எங்கேயோ பாத்துட்டு வந்துட்டான். மைக்செட்டுக்காரரு ரெண்டாவதுக்கு வயரே சொருகுறதில்ல, சும்மா நிறுத்தி வச்சுடுவாரு. இத்தனை வருஷமா இவனுக்கு அது தெரியாது. சிரிக்காதீங்க சார். சரி, சிரிச்சுக்குங்க.

எனக்கும் அகம்பாவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அட்டையைப் பர்ஸுல வச்சுக்கிட்டே திரிவேன். நூலகத்துல அடையாளம் கேட்டா கூட அதைத்தான் எடுத்து நீட்டுவேன். இது செல்லாதும்மான்னு அவங்க சொல்லணும், நான் ஓ அப்படியான்னு கேட்டுக்கிட்டு வேற அட்டையை எடுக்கணும். அந்த இடைவெளியில நாலு பேரு பாப்பாங்க இல்ல, அதுக்காகத்தான். ஏன்னா சார், ஆஸ்பத்திரியில நான் ரெக்கார்டு அம்மா. வீட்ல முதல்ல மருமக, இப்ப அண்ணி. மத்த எந்தக் காயிதத்துலயும் இன்னாரு மக, இன்னாரு சம்சாரம்னு ஒரு வரி இருக்கும். அந்த அட்டையில இருக்காது. என் பேரு, என் வயசு, என் நம்பர். நான் இந்தக் கட்சிக்காரின்னு சொல்லிக்கிறப்ப எனக்கு முதுகு தானா நிமிரும். அதைப் பெருமைன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். கட்சின்னா நான்தான்னு ஒருத்தன் சொல்றதைக் கேட்டப்புறம்தான் திமிருன்னா என்னன்னு தெரிஞ்சுது.

வெள்ளிவிழா மலர் பாத்தீங்களா? மூணு வருஷம் முன்னாடி போட்டது. உங்க ஆபீஸுக்கு அம்பது பிரதி வந்துச்சே. மில்லு வாசல் படம் ஒண்ணு இருக்கும், நான் மனுவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கான் தெரியுமா? மறைந்த செயலாளரின் துணைவியார், கணவரின் வழியில். அந்தப் படம் எடுத்த அன்னைக்கு என் கணவர் கட்சியிலயே இல்ல. ஏன்டா தம்பி இப்படின்னு கேட்டேன். இடம் பத்தலை அண்ணின்னான். அடுத்த பக்கத்துல இவன் படம். முழுப் பக்கம்.

அதையும் பொறுத்துக்கிட்டேன். நான் பொறுமைசாலி சார். பழைய ஃபைல் ஒண்ணைத் தேடி மூணு நாள் ஸ்டூல் மேல நின்னிருக்கேன்.

போன வருஷக் கடைசியில மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பணும்னு பேச்சு வந்துச்சு. நான் எழுதிக்கிட்டிருந்தவ பேனாவை மூடிட்டு, என் பேரைப் போடுங்கன்னேன். வாழ்க்கையில முதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு கேட்டேன். இவன் அந்த கை வச்ச நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, அண்ணி, நீங்க எழுதுங்க, நாங்க பேசிக்கிறோம்னான். நான் மறுபடியும் கேட்டேன். அண்ணன் போனதுலேருந்து அண்ணிக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போச்சுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இதையும் மினிட்ல ஏத்திக்குங்க அண்ணின்னான், இன்னொரு சிரிப்பு. நான் ஏத்திக்கிட்டேன். பாருங்க, நாப்பத்தோராம் பக்கம். சிரிப்பு, பதிமூன்று பேர். மருந்துக்கடைக்காரர் மட்டும் இருமினார். எது நடந்துச்சோ அதைத்தான் எழுதுவேன்.

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். அவனுக்கு அது போதலை. அவனை எதிர்த்து ஒருத்தி வாய் திறந்துட்டா, இனி திறக்கவே கூடாதில்ல? அடுத்த கூட்டம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, காலையில பத்தரை. நம்ம கட்சியைக் குடும்பக் கம்பெனிங்கிறானுங்க, அந்தப் பேச்சை ஒழிக்கணும்னு ஆரம்பிச்சான். இனிமே ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர்தான்னான். கமிட்டியில யாரு வீட்லயும் ரெண்டு பேரு கிடையாது சார். எங்க வீட்ல மட்டும்தான். அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் அது தெரியும். மருந்துக்கடைக்காரரு தரையைப் பாத்தாரு. மத்தவங்க மேசையைத் தட்டுனாங்க.

தனி வீடா? கேட்டேன் சார், கேக்காமயா? மாடியில ஒத்த ரூம்ல நான் தனியாத்தான் சமைச்சுச் சாப்பிடுறேன். தனிக் கதவு எண் வாங்கிக்கிறேன், பிரிச்சுக் குடுன்னு ரெண்டு வருஷமா கேக்கிறேன். நாம ஒரே குடும்பம் அண்ணி, பிரிச்சா ஊரு என்ன பேசும்னு சொல்லிட்டான். வாடகைக்கு விட்ட முன் கட்டு கை விட்டுப் போயிடுமே, அந்த பயம். இந்தத் தீர்மானம் வந்தப்பவும் கேட்டேன், எல்லார் முன்னாடியும். தம்பி, நாம ஒரே குடும்பம்தானான்னு. அதுல என்ன சந்தேகம் அண்ணின்னான். அதையும் எழுதிக்கிட்டேன்.

ஆக, என் அட்டையை என்கிட்டேருந்து பிடுங்குற தீர்மானத்தை நானே எழுதணும். மூஞ்சி தெரியக் கூடாதுன்னு எழுதுற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டு நோட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன். அவன் எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டே, வாசகத்தை நீங்களே அழகாப் போட்டுக்குங்க அண்ணி, அதான உங்களுக்கு வரும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டான். பின்னாடியே எல்லாரும் போயிட்டாங்க.

ஏழு மாசம் ஆச்சு. இதுக்கு நடுவுல நான் வந்து எழுதுறதை நிறுத்தலை. அட்டை இல்லன்னா என்ன அண்ணி, பழக்கம் விட்டுப் போகக் கூடாதில்லன்னான். கூலிக்கு வர்ற ஆளைச் சொல்ற மாதிரி. தெருவுல போறப்ப பழைய மில்லுப் பொம்பளைங்க பாத்தா, என்னம்மா, கட்சியிலேருந்து உன்னைத் தூக்கிட்டாங்களாமேன்னு கேக்கிறாங்க. மெல்லத்தான் கேக்கிறாங்க, எனக்கு வலிக்கக் கூடாதுன்னு. அந்த மெதுவு இருக்கு பாருங்க, அதைத்தான் சார் என்னால தாங்க முடியலை. அவங்களுக்கு ஸ்டூல் வாங்கிக் குடுத்தவ நான்.

என்ன, நேரமாச்சா? சரி, பக்கத்துக்கு வந்துடுறேன். நாப்பத்தாறு. இந்தாங்க, நீங்களே பிடிங்க. கண்ணாடி போட்டுக்குங்க, என் எழுத்து சின்னது.

மூணாவது தீர்மானம். எனக்கு மனப்பாடம். ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே கிளை உறுப்பினராக இருக்கலாம். அவர் அக்குடும்பத்தில் முதலில் உறுப்பினரானவராக இருக்க வேண்டும். மற்றவரின் உறுப்பினர் உரிமை இத்தீர்மானம் ஏற்கப்படும் நாளுடன் முடிவுறும்.

ஆமா சார். முதலில் உறுப்பினரானவர். இன்னொரு தடவை படிங்க, அவசரமில்ல.

நான் பதினொண்ணு. அவன் இருநூத்திப் பன்னெண்டு.

திருட்டுத்தனமா? எப்படி சார்? வாசகத்தை நீயே போட்டுக்கோன்னு தலைவர் சொன்னாரு, போட்டேன். அடுத்த மாசக் கூட்டத்துல, வழக்கப்படி முந்தின மினிட்டை எந்திரிச்சு நின்னு வாசிச்சேன். ஒரு வார்த்தையை விழுங்கலை. ஃபேனைக் கூட நிறுத்தச் சொல்லிட்டு வாசிச்சேன். அவன் போன்ல எதையோ பாத்துக்கிட்டு ஏகமனதா ஏற்கப்பட்டதுன்னான். எல்லாரும் தட்டுனாங்க. இங்க பாருங்க, பதினாலு கையெழுத்து. முதல் கையெழுத்து அவனோடது, அரைப் பக்கத்துக்கு. அந்த நிமிஷத்துலேருந்து இந்தக் கிளையில நான் உறுப்பினர், அவன் இல்ல. உறுப்பினரே இல்லாதவரு தலைவர் நாற்காலியில உக்காந்து ஆறு கூட்டம் நடத்தியிருக்காரு. அவரைத்தான் நீங்க நாளைக்கு வேட்பாளரா நிறுத்தப் போறீங்க.

அய்யோ, கிழிக்காதீங்க. பக்க எண் அச்சடிச்ச புத்தகம், நாப்பத்தஞ்சுக்கு அப்புறம் நாப்பத்தேழு வந்தா நல்லாவா இருக்கும்? அதோட, விதிப்படி தீர்மானத்தோட நகலை ஒரு மாசத்துல தலைமைக்கு அனுப்பணுமில்ல. பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். பெற்றுக் கொண்டோம், ஒப்புதல் அளிக்கப்படுகிறதுன்னு பதில் வந்துச்சு. கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கேன் பாருங்க. சீல் இருக்கு. பக்கத்துல சின்னக் கையெழுத்து ஒண்ணு இருக்கே, அது... உங்களோடதா?

அட. அது எனக்குத் தெரியாது சார், சத்தியமா. வேற யாரோ குமாஸ்தான்னு நெனச்சேன். தண்ணி குடிங்க. பரவாயில்ல, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுற வழக்கம் நம்ம கட்சியில யாருக்குமே இல்ல.

தெரியும் சார். நாளைக்கு மதியம் மூணு மணிக்கு மனு முடியுது. அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சு நிறுத்துறது கஷ்டம். இந்த வார்டு போயிடும். இருபத்தெட்டு வருஷத்துல இந்த வார்டை நாங்க விட்டதே இல்ல. ஒவ்வொரு தெருவும் நான் நடந்து நடந்து சேத்த ஓட்டு, எனக்குத் தெரியாதா? ராத்திரி தூக்கம் வராம இதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். கட்சி தோக்கலாமா, இவன் ஜெயிக்கலாமான்னு. தோத்துட்டுப் போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு தடவை தோக்கட்டும். அதை முடிவு பண்ண நீ யாருன்னு கேப்பீங்க. கேளுங்க.

நானா? நான் நிக்க மாட்டேன். இப்படியெல்லாம் நயமா கேக்காதீங்க சார், எட்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா குதிச்சுக்கிட்டு வந்திருப்பேன். இன்னைக்கு நின்னேன்னா, சீட்டுக்காகத்தான் பண்ணாள்னு ஆயிடும். சீட்டுக்காகப் பண்ணலை.

பின்ன எதுக்கா?

இருங்க, கீழ வண்டிச் சத்தம். வந்துட்டாங்க போல. மணி மூணே முக்கால்தான், இன்னைக்குன்னு பாத்து சீக்கிரம் வர்றான். மாலை கூட வாங்கியிருப்பான், உங்களுக்கு ஒண்ணு, அவனுக்கு ரெண்டு. நான் போகலை சார், இங்கேயேதான் நிப்பேன். அவன் மூஞ்சியைப் பாக்கத்தான் இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டேன்.

முன்னாடியே அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமா? சொன்னேனே. மூணு தடவை சொன்னேன். தீர்மானம் போட்ட அடுத்த நாளு படிக்கட்டுல நிறுத்தி, அந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுப் பாரு தம்பின்னேன். தலைமைப் பதில் வந்தன்னைக்குச் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை, நோட்டைத் திறந்து கையிலயே குடுத்தேன். மூணு தடவையும், உங்க மேல நம்பிக்கை இருக்கு அண்ணின்னுட்டுப் போயிட்டான். சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன். ஆனா நோட்டை அவன் கையில குடுத்துட்டு நின்னேன் பாருங்க, அந்த அரை நிமிஷம், அடப்பாவி, படிச்சுத் தொலைச்சுடாதேடான்னு என் நெஞ்சு அடிச்சுக்கிட்ட அடி இருக்கே, அது அவனுக்குக் கேக்காமப் போனதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அதைப் பெருமைன்னு போடுவீங்களோ திமிருன்னு போடுவீங்களோ, உங்க அறிக்கை, உங்க இஷ்டம். தேதியை மட்டும் சரியாப் போடுங்க சார்.